நிக்கோட்டின் கம்: சீட்டு எழுதிய பிறகுதான் வேலையே

"கம் ஒத்துக்கல டாக்டர், விக்கல் எடுக்குது, வயிறு எரியுது" என்று, புகையிலைப் பழக்கத்தை விடுவதற்காக எழுதிக் கொடுத்த நிக்கோட்டின் கம்மில் பாதி அட்டையை மூன்றாம் நாளே நோயாளிகள் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். கம் மேல் தப்பில்லை. சூயிங் கம் மாதிரி வேகமாக மென்று எச்சிலை விழுங்கியிருப்பார்கள். அதனால் இப்போது முதல் கம்மை எதிரிலேயே போடச் சொல்லிவிடுகிறோம். காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லணும், உடனே கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கணும், காரம் அடங்கினால் மறுபடி மெல்லணும். ஒரு கம் 30 நிமிடம் வரும். புகையிலை அடக்கிப் பழகியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பாடம் எல்லாம் சிகரெட்காரர்களுக்குத்தான். காபி குடித்து 15 நிமிடமாவது போகட்டும், இல்லாவிட்டால் நிக்கோட்டின் வாயில் சரியாக உறிஞ்சப்படாது.

அடுத்த சறுக்கல் அளவு. எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு 2 மி.கி. போதாது, 4 வேண்டும். சீட்டில் அதைத் தெளிவாக எழுதுங்கள். காசை மிச்சம் பிடிக்க நாளைக்கு மூன்றே மூன்று போட்டுவிட்டு "வேலை செய்யல" என்பவர்கள் நிறைய. முதல் ஆறு வாரம் நாளைக்குக் குறைந்தது 9, எவ்வளவு போனாலும் 24க்கு மேல் வேண்டாம்.

"சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால் பீடிக்காரர் இல்லை என்பார், வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியும் இல்லை என்பார். இருவர் சொல்வதும் பொய்யில்லை! ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

விடும் தேதி குறிப்பது ஐந்து நிமிட வேலை. திங்கட்கிழமையை மட்டும் தவிருங்கள். 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணுக்கு அன்று விடுமுறை. தவிப்பு தாங்காமல் கூப்பிடுபவருக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும். எண்ணை எழுதிக் கொடுக்கக்கூட வேண்டாம். சட்டைப் பையில் இருக்கும் பாக்கெட்டை எடுக்கச் சொன்னால் அதிலேயே அச்சடித்திருக்கும்.

பலர் கோட்டை விடுவது ஒன்று உண்டு. மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் சாப்பிடுபவர் புகையை விட்டதும் ரத்தத்தில் அந்த மருந்து ஏறும். படபடப்பு, வாந்தி வரும். "விட்டதாலதான் இப்படி" என்று மறுபடி பற்றவைத்துவிடுவார். மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின், ஒலான்சபினுக்கும் இதே கதை. ஈரலில் இந்த மருந்துகளை வேகமாகக் கரைய வைத்தது நிக்கோட்டின் இல்லை, புகை. ஆகவே கம் போட்டாலும் இது நடக்கும். முதல் வாரத்திலேயே மருந்தளவைக் குறைக்கப் பாருங்கள்.