ஒரு டன்னுக்கு ஒரு டன் சரியாகிவிடுமா?

தணிக்கைத் தொழிலில் இருப்பவனுக்கு 'நெட் ஸீரோ', அதாவது வெளிவிட்ட வாயுவுக்கு ஈடாக அதே அளவைத் திரும்ப உறிஞ்சியாயிற்று என்று, எந்த நிறுவனத்தின் அறிக்கையில் பார்த்தாலும் கை பரபரக்கும். வரவும் செலவும் நேராகிவிட்டது என்று யார் சொன்னாலும், எங்கே வவுச்சரைக் காட்டுங்கள் என்று கேட்டே பழகிவிட்டது.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு கேட்பதும் ஒரு கணக்கைத்தான். மனிதர்கள் வெளியேற்றும் பசுமை இல்ல வாயுக்களும், திரும்ப உறிஞ்சப்படுபவையும் இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் சமநிலைக்கு வர வேண்டும். வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நிற்க வேண்டுமென்றால், கார்பன் டை ஆக்சைடு மட்டுமாவது 2050 வாக்கில் நேராக வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018இல் சொன்னது.

அலுவலகத்தில் ஒரு நிறுவனத்தின் உமிழ்வு அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வரியில் விரலை வைத்தான். "சார், ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான் இருக்கும். 2.3 கிலோ புகை எப்படி வரும்? டைப்பிங் மிஸ்டேக்கா?"

"நீயே போட்டுப் பாருப்பா" என்றேன். ஒரு லிட்டரில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவாகிறது. 640ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தான். 2,300க்குக் கொஞ்சம் மேலே வந்தது. பையன் அதன் பிறகு அந்த அறிக்கையை விடவே இல்லை.

செலவுப் பக்கம் இப்படித் துல்லியமாக இருக்கும். தகராறெல்லாம் வரவுப் பக்கத்தில்தான். "நட்ட மரங்கள் வழி ஈடு" என்று ஒரே வரி. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் பூட்டிக் கிடந்த கார்பன். எரித்தால் வெளிவரும் வாயுவில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே இருக்கும். மரத்தில் இருக்கும் கார்பனோ ஒரு காட்டுத்தீ வரும்வரை, அல்லது யாராவது கோடரி எடுக்கும்வரை. எடை ஒன்றாக இருக்கலாம், தவணை ஒன்றல்ல. நிரந்தரக் கடனைக் கைமாற்றில் அடைத்ததாகக் காட்டினால் நான் கையெழுத்துப் போடுவேனா?

மரம் நடக் கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாக நடலாம். ஆனால் அழிக்கப்பட்ட காடுகள் விட்டுப்போன கார்பனையே அது முதலில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு பசுமை இல்ல வாயுவான மீத்தேன் வேறு விதம். காற்றில் சுமார் 12 ஆண்டுதான் ஆயுள், ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்கு சூடேற்றும். இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டி எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

சரி, காற்றிலிருந்து நேரடியாக உறிஞ்சிப் பாறைக்குள் செலுத்திவிட்டால்? அது உண்மையான வரவு, ஒப்புக்கொள்கிறேன். ஐஸ்லாந்தில் 2024இல் தொடங்கிய மாமத் ஆலை அதைத்தான் செய்கிறது. முழு வீச்சில் ஓடினால் ஆண்டுக்கு 36,000 டன் உறிஞ்சும் என்பது திட்டம். உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன், அதாவது நொடிக்குச் சுமார் 1,270 டன். அந்த ஆலையின் ஓராண்டு உழைப்பை உலகம் அரை நிமிடத்துக்குள் ஊதித் தள்ளிவிடும்.

சிமென்ட் மாதிரிச் சிலவற்றுக்கு இந்த வரவு தேவைப்படும். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வாயு வெளியேறுகிறது. அடுப்பை மின்சாரத்துக்கு மாற்றினாலும் அது நிற்காது. அப்படி வழியில்லாதவற்றுக்கு இந்தக் கொஞ்ச இருப்பை ஒதுக்கலாம். மாற்று வழி கண்ணெதிரே இருக்கும் காருக்கும் கொதிகலனுக்கும் எடுத்துக் கொடுக்க அதில் மிச்சம் இருக்காது.

அதனால் இப்போதெல்லாம் அறிக்கை வந்தால் கடைசிப் பக்கத்துப் பூஜ்ஜியத்தை நான் பார்ப்பதில்லை. போன வருடம் எத்தனை டன் எரித்தீர்கள், இந்த வருடம் எத்தனை என்ற இரண்டு எண்களைத்தான் முதலில் கேட்கிறேன். சில நிறுவனங்கள் அதற்கே பதில் அனுப்ப ஒரு வாரம் எடுத்துக்கொள்கின்றன.