சீதளமும் அவர் கணக்கில்தான்

நீலகிரியில் தேயிலைத் தோட்ட மேற்பார்வை என்றால் ஆண்டு முழுக்க வானத்தைப் பார்த்து நடக்கிற வேலை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். எங்கள் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் முக்கியம். அது ஓய்ந்து வானம் தெளிந்தால் உறைபனி.

குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்குவதால் பள்ளத்தில் இருக்கும் தேயிலைதான் முதலில் அடிபடும். விடியும்போது இலையெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் சேதம் தெரியும். கொழுந்து கருகித் தொங்கும், சில நாளில் காடே செம்பழுப்பாகிவிடும். பறிக்கக் கொழுந்து இல்லையென்றால் கூடுதல் எடைக்குக் கிடைக்கும் காசும் இல்லை. அந்த நாட்களில் பெண்கள் பேச்சே இல்லாமல் வேலை செய்வார்கள்.

அப்படி ஒரு ஜனவரியில்தான் ஆதியாகமம் 8:22 எனக்கு வேறு விதமாகக் கேட்டது: "பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை." வெள்ளம் வடிந்து நோவா பலி செலுத்தியபின் கர்த்தர் கொடுத்த வாக்கு இது. அறுப்பு மட்டும் ஒழியாது என்று அவர் சொல்லவில்லை. சீதளத்தையும், அதாவது குளிரையும், அதே மூச்சில் சொல்கிறார். கொழுந்தைக் கருக்கிய பனிகூட அவர் வாக்கு மாறாததற்குச் சாட்சி என்று அன்று புரிந்தது. இதை ஏற்றுக்கொள்வது எளிதல்ல, கூலி குறைந்த வாரத்தில் இன்னும் கடினம்.

கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடும் வேலை, எனக்கு இதைவிட அதிகம் கற்றுத் தந்தது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் தேயிலை மரமாகிக் கைக்கு எட்டாமல் போய்விடும். கவாத்துக் கத்தி சாய்வாக இறங்கும். பசுமை எல்லாம் போய்த் தண்டு மட்டும் நிற்கும். பட்டையில் படிந்த பாசியைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு வெட்டிப் போட்ட கிளைகளையே அள்ளி, அந்த மொட்டைத் தண்டின்மேல் போட்டு மூடுவார்கள். நேர் வெயில் பட்டால் பட்டை வெந்துவிடும். வெட்டுப்பட்டதே செடிக்கு நிழலாகிறது. வாரங்கள் கழித்து அந்தச் சுள்ளிகளின் இடுக்கில் துளிர் தெரியும்.

கனிகொடுக்கிற கொடியைப் பிதா சுத்தம்பண்ணுகிறார், அதாவது கவாத்து செய்கிறார், என்று இயேசு சொன்னது, சீஷர்கள் சிதறிப்போக இருந்த அந்தக் கடைசி இராத்திரியில். தொடர்ந்து சொல்கிறார்: "என்னில் நிலைத்திருங்கள்." இலை நிலைக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. தண்டோடு ஒட்டியிருக்கச் சொல்கிறார்.

1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய்விட்டன. எங்கள் சபையிலும் இடம் காலியானது. முன்பெல்லாம் "அவர்களைத் திரும்பக் கொண்டுவாரும் ஆண்டவரே" என்றுதான் ஜெபிப்பேன். இப்போது, பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டில் நிற்கும்போதும் அவர்கள் உம்மில் நிலைத்திருக்கட்டும் என்று கேட்கிறேன்.