இடது ரெக்கை கறுத்தது

டிசம்பர் 6, 2023

காலையில்தான் கரண்ட் வந்தது. முதலில் அம்மாவின் நெபுலைசர், அப்புறம் போன். வெள்ளம் இறங்கிவிட்டது. வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. சேறு என்று நினைத்துத் தொட்டேன், விரலோடு இழுபட்டு வந்தது. எண்ணெய்.

டிசம்பர் 8

ஆறு பேர் எண்ணூர் முகத்துவாரக்குப்பம் போனோம். பைபர் படகுகள் எல்லாம் அரக்கு பூசியது மாதிரி நிற்கின்றன. படகில் தண்ணீர் மோதும் சத்தமே இல்லை. எண்ணெயின் கனத்தில் ஆறு அசைய மறந்து கிடக்கிறது.

2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோது எர்ணாவூர்ப் பாறைகளில் வாளி வாளியாக அள்ளினோம். அன்று கடலில் கொட்டியது கரைக்கு வந்தது. இந்தத் தடவை மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து மழைத்தண்ணீரோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றுக்குள் வந்து, அப்புறம்தான் கடலுக்குப் போயிருக்கிறது. இறால் குஞ்சு வளரும் இடம் அத்தனையையும் தொட்டுக்கொண்டு.

கூழைக்கடாக்கள் நிறைய. வெள்ளையாக ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் 10

அலையாத்தி வேர்கள். பென்சில் மாதிரி மண்ணிலிருந்து மேல்நோக்கி நிற்கின்றன. அவற்றிலிருக்கும் பொடித் துளைகள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. எல்லாத் துளையும் அடைத்துக் கிடக்கிறது. பனியன் வேஸ்ட்டை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். படகுக்கார அண்ணன் கையைப் பிடித்தார். "தேய்க்காத பாப்பா, தோல் உரிஞ்சிடும். புண்ணுக்கு ஒத்துற மாதிரி ஒத்தி எடு."

ஒத்தி எடுத்தேன். நாற்பது வேர் முடிப்பதற்குள் நீர் ஏறிவிட்டது. இறங்கும்போது திரும்பவும் பூசிவிட்டுப் போகும் என்று தெரிந்தும் நாற்பத்தொன்றாவதைத் துடைத்தேன்.

வலை கட்டும் கழியில் ஒரு கூழைக்கடா. இடது ரெக்கையும் வயிறும் கறுப்பு. விடாமல் கோதிக்கொண்டே இருந்தது. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அதற்கு யார் சொல்வது?

டிசம்பர் 11

நகக்கண்ணில் இருப்பது போகவில்லை. தேங்காயெண்ணெய் தடவி, சோப்புப் போட்டு, மறுபடி தடவி. கையால் சாப்பிட முடியவில்லை.

டிசம்பர் 13

20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். மீனவர்கள் இன்னும் மக்கால்தான் மொண்டு டிரம்மில் ஊற்றுகிறார்கள். சிலர் கையில் உறைகூட இல்லை. எங்களிடம் இருந்த முப்பது ஜோடியும் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

இடது ரெக்கை அதே கழியில். வனத்துறைக்காரர்கள் வலையோடு வந்தார்கள். கிளம்பிப் பறந்து அக்கரைக்குப் போய்விட்டது. பறந்ததே என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: பறக்கத் தெம்பு இருக்கும்வரை யாரும் அதைப் பிடிக்க முடியாது. பிடிபடுகிற நாளில் அது எந்த நிலையில் இருக்கும்?

டிசம்பர் 14

அம்மா ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தாள்.

டிசம்பர் 17

மார்கழி பிறந்தது. வாசலைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினேன். கோலமாவு விழுந்த இடத்திலெல்லாம் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "விடு கண்ணு, அடுத்த வருஷம் போடலாம்" என்றாள். இவள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

டிசம்பர் 18

மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், பாழான படகுக்கு 10,000 என்று அறிவித்திருக்கிறார்கள். மீன் விற்கும் அக்காவிடம் சொன்னேன். "காசு வரட்டும்மா. எண்ணூர் மீனுன்னா இனிமே யாரு வாங்குவா?" ஏற்கெனவே காக்கா ஆழிச் சிப்பி வந்து ஆற்றடி முழுக்கப் படர்ந்து மஞ்ச மட்டியை அழித்தது. தென்னமெரிக்கச் சரக்கு அது. சேற்றில் தடவித் தடவிக் கையால் இறால் பிடிக்கிறவர்களின் விரலைக் கீறிவிடும். அதற்கே வழி பிறக்கவில்லை. அதற்குள் இது. பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் உட்காருகிற அந்தப் பெண்கள் இப்போது எங்கே போவார்கள்? கழுத்தளவு இந்த எண்ணெயிலா?

டிசம்பர் 20

வேலை முடிந்தது என்கிறார்கள். காட்டுக்குப்பத்துப் பக்கம் சேற்றில் கால் வைத்தேன். எடுத்த குழியில் தண்ணீர் ஊறியது. அதன் மேல் ஏழு நிறமும் சுழன்றது. படம் எடுத்து அனுப்பினேன். பத்து இடத்தில் குழி பறித்துப் பார்த்தோம், ஒன்பதில் அதே.

முடியவில்லை. முடியவே இல்லை.

டிசம்பர் 22

கழியில் இல்லை.

டிசம்பர் 24

இருக்கிறது! ஆனால் கழியில் இல்லை, கரையில், கோரை ஓரம். பத்தடி வரை போனேன், நகரவில்லை. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தது. அதற்குமேல் போக எனக்குத்தான் தைரியம் வரவில்லை. வனத்துறைக்குப் போன் செய்தோம். நாளைக் காலை வருகிறார்கள்.

டிசம்பர் 25

பழைய போர்வையைப் போர்த்தி நான்தான் தூக்கினேன். அவ்வளவு பெரிய பறவை, கனமே இல்லை. அலகைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையில் அதன் மூச்சு சுட்டது. நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் வண்டியில் வைத்தேன். சுடிதாரில் அதன் வயிற்று அச்சு அப்படியே இருக்கிறது. துவைக்கப் போடவில்லை.

டிசம்பர் 26

மூன்று தடவை போன் செய்தேன். "குடுத்த மீனுல ஒண்ணு முழுங்குச்சு" என்றார்கள். ஒன்று!

அம்மாவும் இன்று கஞ்சி குடித்தாள்.

டிசம்பர் 27, இரவு 1.20

வேறு வாசனை. எண்ணெய் இல்லை. கண் எரிகிறது. பெரியகுப்பத்திலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள், அமோனியா என்கிறார்கள். ஈரத்துண்டு எடுத்தாயிற்று. ஆட்டோ கிடைக்கவில்லை. அம்மா