அப்பாவுக்கு ஸ்டெம் செல் ஏற்றலாமா? விசாரித்ததில் தெரிந்துகொண்டது

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற, உடல் அசைவைப் பாதிக்கும் மூளை நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதற்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் வரை நடப்பார். அதன் வேகம் தீர்ந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில்தான் உறவினர் ஒருவர் ஒரு மருத்துவமனையைப் பற்றிச் சொன்னார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லைப் பிரித்து, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் செலுத்துவார்களாம். செலவு சில லட்சம். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். அவரிடம் வேண்டாம் என்று சொல்வதானாலும் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த மருத்துவமனைக்கே போன் செய்தேன். எந்த வகைச் செல், மூளையில் எந்த இடத்துக்குப் போகும், ஆய்வுப் பதிவு எண் என்ன என்று கேட்டேன். "எங்கே பழுதோ அங்கே அதுவே போயிடும் சார்" என்றார் பேசியவர். பதிவு எண்ணைப் பற்றி, "இது டிரையல் இல்லை, டிரீட்மென்ட்" என்றார். எனக்கு உறுத்தியது இந்தப் பதில்தான்.

அப்பாவைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பார்க்கின்சனில் நடுமூளையில், அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. மஜ்ஜைச் செல்லைத் தண்டுவட நீரில் விட்டால் அது அந்த நரம்பணுவாக மாறி அங்கே போய் உட்காரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. செல் மாற்று ஆய்வுகளை முறையாகச் செய்கிறவர்கள், டோபமைன் தயாரிக்கும் பாதையில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் செல்களை, மண்டையோட்டில் துளையிட்டு, டோபமைன் தேவைப்படும் இடத்திலேயே நேராக வைக்கிறார்கள்.

அப்புறம் நானும் உட்கார்ந்து படித்தேன். ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1987-லேயே கருவின் நடுமூளைத் திசுவைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வைத்திருக்கிறார்கள். பின்னால் அப்படிப் பெற்றவர்களில் சிலர் பல வருடம் நன்றாக இருந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் நடந்து 2001, 2003-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில், ஒரு பகுதி நோயாளிகளுக்குச் செல் வைக்காமல் துளை மட்டும் போட்டு ஒப்பிட்டபோது, எதிர்பார்த்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. செல் பெற்ற சிலருக்கு, மாத்திரை இல்லாத நேரத்திலும் உடம்பு தானாக நெளியும் தொந்தரவு வந்தது. தனக்குக் கிடைப்பது செல்லா, வெறும் துளையா என்று தெரியாமலே அந்த மனிதர்கள் மேசையில் படுத்திருக்கிறார்கள். அவர்களால்தான் இன்று நமக்கு உண்மை தெரிகிறது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம்பிக்கை இல்லாமலும் இல்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு ஐபிஎஸ் செல்களிலிருந்து (வளர்ந்த மனிதரின் சாதாரணச் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றியது) வளர்த்த செல்களை 7 பேருக்கு வைத்து, 2025-ல் முடிவுகளை வெளியிட்டது. இரண்டு வருடக் கண்காணிப்பில் பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை. சிலருக்கு அசைவும் மேம்பட்டது. கருமுளை ஸ்டெம் செல்லிலிருந்து தயாரித்ததை அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கு வைத்த ஆய்வும் அதே ஆண்டு வந்தது. இரண்டுமே முதலில் பாதுகாப்பைப் பார்க்க நடந்த சிறிய ஆய்வுகள். பிறருடைய செல் என்பதால் எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும்.

நம் நாட்டு விதியும் தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் நோயின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ போட்டுத் தேடலாம். எங்களிடம் பணம் கேட்ட இடத்தின் பெயரில் பார்க்கின்சனுக்கு எதுவும் இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். "அப்போ எனக்குக் கிடைக்கிறது சந்தேகம்தான்" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மருத்துவர் மாத்திரையைச் சிறு அளவுகளாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொன்னார். புரதம் மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால் பருப்பு, முட்டையை இரவுக்கு மாற்றினோம். பகலில் கால் ஒட்டிக்கொள்வது குறைந்திருக்கிறது. மூளையில் மின்முனை பொருத்தும் டிபிஎஸ் அறுவை சிகிச்சைக்கு அப்பா தகுதியா என்றும் பார்க்கிறார்கள். இரவெல்லாம் மாத்திரையை நிறுத்தி, காலையில் கொடுத்து, அசைவு எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் சோதனை முடிந்தது. அடுத்தது ஞாபகசக்திச் சோதனை.