கோடை வாசிப்பு: பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சில நாவல்கள்

மே 5

பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' நேற்று ராத்திரி முடித்தேன். 2019-இல் வந்த ஆங்கில நாவல். கதை நடப்பது நம் சென்னையில். அப்பாவின் அடி தாங்காமல் விஜியும் அவள் அக்கா ருக்குவும் வீட்டை விட்டு ஓடிவருகிறார்கள். ருக்குவுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. யாரும் போகாத ஒரு பழைய பாலத்தில் முத்து, அருள் என்று இரண்டு பையன்கள் குடியிருக்கிறார்கள். இவர்களும் அங்கே ஒண்டிக்கொள்ள, நாலு பேரும் ஒரு குடும்பமாகிவிடுகிறார்கள். கூடவே குட்டி என்று ஒரு நாய்.

குப்பை பொறுக்கினால்தான் சாப்பாடு. அந்தக் குப்பைமேட்டைப் பிள்ளைகள் இமயமலை என்கிறார்கள். பெருங்குடிக் குப்பைக்கிடங்குப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டே போய்வந்தவள் நான். அந்த மேட்டின் மேல் நிற்கிற பிள்ளையின் கண்ணால் ஊரைப் பார்க்க வைத்துவிட்டார் பத்மா. விஜி முழுக் கதையையும் 'நீ, நீ' என்று ருக்குவிடமே பேசுகிறாள். ஏன் அப்படிப் பேசுகிறாள் என்பது போகப்போகப் புரியும். புரிந்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

11 வயதுக்கு மேல் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் கொடுப்பேன்.

மே 6

எதிர்வீட்டு அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சோகத்தைப் பிள்ளைக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்றார். நியாயமான கவலை. ஆனால் அவர் மகள் இதைவிடக் கொடுமையான செய்திகளை தினமும் போனில் பார்க்கிறாள், அதுவும் தனியாக. கதையிலாவது துணைக்கு விஜி இருக்கிறாள். "நீங்களும் கூடவே படிங்கக்கா" என்று கொடுத்தனுப்பினேன்.

மே 12

வீரா ஹிரானந்தானியின் 'தி நைட் டைரி', 2018. 1947, இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மீர்ப்பூர் காஸ். 12 வயது நிஷா இறந்துபோன அம்மாவுக்கு ராத்திரிதோறும் டைரியில் கடிதம் எழுதுகிறாள். அப்பா இந்து, அம்மா முஸ்லிம். பிரிவினை வந்ததும், 'நான் எந்தப் பக்கம்?' என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது சமையல்காரர் காசியை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். வாய் திறந்து பேசவே தயங்கும் பெண் நிஷா. அவளுக்குச் சமையல்கட்டில் காசியோடு நிற்கும் நேரம்தான் பேச்சு. அந்தப் பிரிவை எழுதியிருக்கும் விதத்துக்காகவே படிக்கலாம். தொடக்கம் சற்று மெதுவாகத்தான் போகும். அவர்கள் நடக்க ஆரம்பித்து, தண்ணீர் தீர்ந்துபோகும் இடம்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கீழே வைக்க முடியாது. பிரிவினை பற்றிய வரலாற்றுப் பாடத்தோடு கொடுக்கலாம்.

மே 18

தடிப் புத்தகத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளைகளுக்குத் தன்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்'. முழுக்கச் சின்னச் சின்ன வசன கவிதைகள். 1975-இல் வியட்நாமின் சைகோன் நகரம் வீழ்ந்து, கப்பலேறி அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போய்ச்சேரும் 10 வயது ஹா, அங்கே தன் பப்பாளி மரத்துக்கு ஏங்குகிறாள். யாரோ அன்பாகக் கொடுத்த உலர்ந்த பப்பாளியைக் கோபத்தில் குப்பையில் போடுகிறாள். ஊர்விட்டு ஊர் பள்ளி மாறிய பிள்ளைக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

மே 23

என் அக்கா மகன், ஒன்பதாம் வகுப்பு. "அழ வைக்காத புத்தகம் இருக்கா சித்தி?" என்றான். லூயிஸ் சச்சரின் 'ஹோல்ஸ்' கொடுத்தேன். 1998-இல் வந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் சிறுவர் நூலுக்குத் தரும் நியூபெரி பதக்கம் வாங்கியது. செய்யாத திருட்டுக்காக ஸ்டான்லி ஒரு சீர்திருத்த முகாமுக்குப் போகிறான். வறண்ட ஏரியில் தினமும் ஆளுக்கொரு குழி: அஞ்சடி ஆழம், அஞ்சடி அகலம். மண்வெட்டிதான் அளவுகோல், அது எந்தப் பக்கம் போட்டாலும் குழிக்குள் படுக்கவேண்டும். எள்ளுத்தாத்தா காலத்துச் சாபமும் இந்தக் குழிகளும் எங்கே வந்து முடிச்சுப் போடுகின்றன என்பதில்தான் சுவாரஸ்யம்.

மே 24

சாப்பிடும்போதும் 'ஹோல்ஸ்' மடியில். அதட்ட மனசு வரவில்லை.

மே 27

தமிழில் ஒன்று கேட்டார்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020-இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்றது. பெரியவர்கள் பேசக் கூசும் பாலியல் தொல்லையைப் பற்றி, ஒரு மரப்பாச்சி வழியாகப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பேசுகிறது. சின்னப் புத்தகம். ஆறாம் வகுப்பு போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், பள்ளி திறக்கும் முன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பையனுக்கும்தான்.