மறுவீட்டுச் சாப்பாடு

ஜூன் 9, திங்கள்

‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. புதிதாக வந்தவர்தான் விருந்து. இலையில் விழுவது பிற்பாடு ஏறிய பொருள். கல்லூரியில் ஆசிரியர் மேம்பாடு என்றதும் அரங்கம், பிளெக்ஸ், சாப்பாட்டுக் கூப்பன் என்று இலைப் பக்கமே கணக்குப் போடுகிறோம். இன்று சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை.

நெல்லைப் பக்கம் வந்தவருக்கு முதலில் சொம்புத் தண்ணீர், பேச்செல்லாம் அப்புறம். கல்லூரியில் அந்தச் சொம்பு இவ்வளவுதான்: மேசை, பூட்டுப் போட்ட பீரோவும் சாவியும், கால அட்டவணை, பாடத்திட்டம், அவர் எடுக்கப்போகும் பாடத்தாளின் மூன்று ஆண்டு வினாத்தாள்கள், வருகைப்பதிவு மென்பொருளின் கடவுச்சொல். வழக்கமாகத் தாமதமாவது கடைசியாகச் சொன்னது. கிடைக்க மூன்று வாரம் ஆனால், அதுவரை நோட்டில் எழுதிய வருகையை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து ஏற்ற வேண்டும். பாடம் தயாரிக்கும் நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

ஜூன் 12, வியாழன்

கௌரவ விரிவுரையாளருக்கு ஆங்கிலத்தில் கெஸ்ட் லெக்சரர் என்று பெயர். பெயரிலேயே விருந்தாளி! ஆனால் பயிற்சிப் பட்டியலில் நிரந்தரப் பணியாளர்கள் முதல் பந்தி, சுயநிதிப் பிரிவு இரண்டாம் பந்தி, இவர்களுக்கு இலை மிஞ்சினால் பார்க்கலாம். சுத்தமான பந்தி வஞ்சனை. பட்டியலைப் பணிமூப்புப்படி போடாமல், முதலாண்டு மாணவருக்கு யார் பாடம் எடுக்கிறார்களோ அவர்களிலிருந்து தொடங்கலாம். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்குப் பயிற்சி நேரத்தையும் சம்பள நேரமாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் வரச் சொல்வதே அவர் பையில் கைவைக்கிற காரியம்.

இரண்டு ஷிப்ட் ஓடும் கல்லூரியில் காலையாட்கள் கிளம்புவதற்கும் மாலையாட்கள் தொடங்குவதற்கும் நடுவே உள்ள ஒரு மணி நேரம்தான் எல்லாருக்கும் பொது. அது சாப்பாட்டு நேரம். ஆகவே சோறு போட்டே தீரவேண்டும். எலுமிச்சைச் சாதப் பொட்டலம் போதும்.

ஜூன் 18, புதன்

“எந்தத் தலைப்பில் பயிற்சி வேண்டும்?” என்று சுற்றறிக்கை விடுவது, வந்தவரிடம் “சாப்பிடுறீங்களா?” என்று கேட்பது மாதிரி. “இப்பத்தான் ஆச்சு” என்பார். தலைப்பு கேட்டால் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று எழுதிக் கொடுப்பார்கள். கேட்க வேண்டியது வேறு: “போன வாரம் எந்த வகுப்பு கையை விட்டுப் போச்சு? எத்தனையாவது நிமிஷத்தில்?” கால் தாள், பெயர் வேண்டாம், பெட்டியில் போட்டால் போதும். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடம் தொடங்கியதும் பேனாவைக் கீழே வைப்பது, பிற்பகல் வகுப்பில் கடைசி மூன்று பெஞ்சு தூங்குவது என்று உண்மையான பசி அப்போதுதான் தெரியவரும்.

ஜூன் 27, வெள்ளி

சிறப்புப் பேச்சாளர். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்தவருக்குக் குளிக்க அறையும் டிபனும் வேண்டும். பத்து மணிக்கு முன் மேடை ஏற்றாதீர்கள். பொன்னாடை, நினைவுப்பரிசு, மூன்று வரவேற்புரை சேர்ந்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். அதைவிட, பெட்டியில் விழுந்த தாள்களைத் தட்டச்சு செய்து பத்து நாள் முன்னால் அனுப்பிவைப்பது நல்ல உபசாரம். ‘நவீன கற்பித்தல் முறைகள்’ என்று பொத்தாம்பொதுவாகத் தலைப்புக் கொடுத்தால், அவரும் வழக்கமாக எல்லா ஊரிலும் காட்டும் ஸ்லைடைத்தான் இங்கேயும் காட்டுவார்.

ஜூலை 3, வியாழன்

அடுத்த வாரம் நெல்லையப்பர் ஆனித் தேர். அந்த வாரத்தில் எதையும் வைக்க வேண்டாம்.

சான்றிதழுக்காக வருகிறார்கள் என்று குறைப்படுபவர்கள் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையைப் புரட்டட்டும். முதல் பதவி உயர்வுக்கு 21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சி கேட்கிறது. அதோடு ஒரு புத்தொளிப் பயிற்சி. புத்தொளி இல்லையென்றால் குறைந்தது ஐந்து நாள் பயிற்சியோ, இணையவழியில் படிக்கும் ஒரு மூக் படிப்போ. அரைநாள் கூட்டத்துக்குக் கனத்த அட்டையில் சான்றிதழ் அடித்துக் கொடுப்பது வெறும் இலை போட்டு உட்கார வைப்பதுதான். கணக்கில் ஏறுமா ஏறாதா என்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுவது மரியாதை.

ஜூலை 10, வியாழன்

சக ஆசிரியர் வகுப்பைப் பார்க்கப் போகும்போது முறை மாறிவிடுகிறது. வகுப்பு அவர் வீடு, பார்க்கப் போகிறவர் விருந்தாளி. முந்தின நாள் பதினைந்து நிமிஷம் பேசி, “எதைக் கவனிக்கட்டும்?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மணி அடிக்கும் முன்னே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும். பாதியில் எழுந்து வரக்கூடாது. தாளில் இரண்டே பத்தி: இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் நடந்தது. ‘நன்று’, ‘சுமார்’ எல்லாம் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

10.12 – கேள்வி கேட்டார். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் வாய் திறந்தாள். அதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டார்.
10.19 – மறுபடி அதே.

தீர்ப்பே வேண்டாம், இந்த இரண்டு வரியில் எல்லாம் இருக்கிறது. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் திறக்கிறார்கள்.

இரண்டு நாளுக்குள் உட்கார்ந்து பேச வேண்டும், ஆசிரியர் முதலில். தாள் அவர் கையோடு போகட்டும். துறைத்தலைவருக்கோ முதல்வருக்கோ நகல் போனது தெரிந்தால் அடுத்த முறை நீங்கள் பார்ப்பது ஒத்திகை பார்த்த வகுப்பாகத்தான் இருக்கும்.

ஜூலை 24, வியாழன்

இங்கே சைவக் கல்யாணங்களில் மறுவீட்டுக்குச் சொதி. தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயும் பாசிப்பருப்பும் வெந்த பிறகே கெட்டியான முதற்பால். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை, சூடு தணிந்த பிறகு. தேங்காய்ப்பால் மந்தமாக்கும் என்பதால் பக்கத்தில் இஞ்சித் துவையல்.

வகுப்பைப் பார்த்துவிட்டுக் குறை சொல்வதும் முதற்பால்தான். முதல் சந்திப்பிலேயே ஊற்றினால் திரியும். முதல் இரண்டு தடவை பிள்ளைகள் செய்ததை மட்டும் பேசலாம், ஆசிரியர் செய்ததை மூன்றாம் தடவை.

பயிற்சிகள் கல்யாணத்தோடு முடிந்துவிடுகின்றன, மறுவீடு கிடையாது. மூன்றாம் வாரம் இருபது நிமிஷம் போதும். “அன்னைக்குக் கேட்டதில் எதைச் செஞ்சு பார்த்தீங்க? எங்கே சொதப்பிச்சு?” நாலைந்து பேர், ஒரு பிளாஸ்க் டீ.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி கணக்கில் வாரம் 16 மணி நேர வகுப்பு. அதற்கு மேல் யாரையும் புதிதாகச் சேர்ந்தவருக்கு வழிகாட்டியாக இருக்கச் சொன்னால் தலையாட்டுவார்கள், நடக்காது. ஆகவே வழிகாட்டிக்கு வாரம் ஒரு மணி நேரம் குறைத்து, அதைக் கால அட்டவணையிலேயே கட்டம் போட்டு எழுத வேண்டும். வழிகாட்டி வேறு துறையாக இருப்பது நல்லது. சொந்தத் துறையில் யாருக்கு எந்தப் பாடத்தாள் என்ற பங்கீட்டுச் சண்டை நடுவில் வந்துவிடும். அந்தக் கட்டத்தில் மாற்று வகுப்பு போடக்கூடாது என்று அட்டவணை போடுபவரிடம் இன்றே சொல்லி வைக்க வேண்டும்.