சர்வே எண் 12/3 மார்ச் மாதமாக மாறினால்: டேட்டா கேள்விகளுக்குத் தயாராவது எப்படி?

கேம்பஸ் டெஸ்ட்டுக்குத் தயாராகும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, டைனமிக் புரோகிராமிங் எவ்வளவு போடணும்?" என்பதுதான். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபிரெஷர் வேலைக்கான சுற்றுகளில் என்னிடம் அதிகம் கேட்டது வேறு. ஒரு ஜேசான் ஃபைலைக் (பெயர், மதிப்பு என்று ஜோடி ஜோடியாக டேட்டாவை எழுதும் வடிவம்) கொடுப்பார்கள். ஊர்வாரியாகப் பிரி, கூட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு, சிஎஸ்வியாக (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) எழுது. படிக்கும்போது 'ப்பூ, இவ்வளவுதானா' என்று இருக்கும். ஒளித்து வைத்திருக்கும் டெஸ்ட் கேஸ்களில்தான் மார்க் போகும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். ஸ்டேட் போர்டில் சிஎஸ்வி தனிப் பாடமாகவே இருக்கிறது; சிபிஎஸ்இயில் பிக்கிளும் (பைத்தான் டேட்டாவை அப்படியே ஃபைலில் சேமிக்கும் முறை) சேரும். ஆனால் ஐந்து மார்க் கேள்விக்காக ரீடர், ரைட்டர் என்று உருப்போட்டது இங்கே காணாது. நான் பழகியது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: எழுதியதைத் திரும்பப் படித்தால், எழுதியது அப்படியே வருகிறதா? பைத்தானில் டேட்டாவை ஜேசான் டெக்ஸ்ட்டாக்கும் டம்ப்ஸ் போட்டு, அதைத் திரும்பப் படிக்கும் லோட்ஸ் போடுங்கள். பழையதையும் புதியதையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுங்கள். ஃபால்ஸ் வந்தால் ஏன் என்று தேடுங்கள். அந்தத் தேடல்தான் சிலபஸ்.

பழக டேட்டாவுக்காக நெட்டில் அலைய வேண்டாம். டைட்டானிக் பயணிகள் பட்டியலை ஊரே போடுகிறது. நம் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் என்னென்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்: விவசாயி பெயர், கிராமம், சிட்டாவில் உள்ள சர்வே எண், 40 கிலோ சிப்பம் எத்தனை, ஈரப்பதம், தேதி, வங்கிக் கணக்கு எண். இதே பத்திகளை வைத்து நாற்பது ஐம்பது வரி நீங்களே கற்பனையாக டைப் செய்துகொள்ளுங்கள். (உண்மையான ஆட்களின் கணக்கு எண்ணை எடுத்துப் போடாதீர்கள், கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டியிருக்கும்.) டெஸ்ட்டில் வரும் பொறி முக்கால்வாசி இந்தப் பட்டியலுக்குள்ளேயே கிடக்கிறது.

சர்வே எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். சிஎஸ்வியில் 12/3 என்று சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். நாள், மாதம் என்ற நம் ஊர் தேதி அமைப்பில் இருக்கும் எக்செல்லில் திறந்ததும் அது மார்ச் 12 ஆகிவிடும். பக்கத்து வரியில் இருக்கும் 12/3ஏ தப்பித்துவிடும். ஆக ஒரே பத்தியில் பாதி சர்வே எண், பாதி தேதி. யாராவது சேவ் கொடுத்துவிட்டால் பழைய எண் ஃபைலிலிருந்தே போச்சு. கணக்கு எண்ணுக்கும் இதே கதி: முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் விழும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கமெல்லாம் பூஜ்ஜியமாகும். ஜாவாஸ்கிரிப்டிலும் பெரிய எண்களில் இந்தத் தொல்லை உண்டு. 9007199254740993 என்று ஜேசானில் கொடுத்து பார்ஸ் செய்து பாருங்கள், கடைசி 3 போய் 2 நிற்கும். பைத்தான் முழு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும், அதனால் பைத்தானில் மட்டும் பழகியவர்களுக்கு இது தெரியாமலே போகிறது. நான் வைத்திருக்கும் வழக்கம்: கூட்டவோ கழிக்கவோ போகாத எண்ணை ஸ்ட்ரிங்காகவே வைப்பது.

சிப்பக் கணக்கு இதற்கு நேர் எதிர். சிஎஸ்வியிலிருந்து படித்தால் எல்லாமே ஸ்ட்ரிங்தான். 9, 10, 100 சிப்பத்தை அப்படியே வரிசைப்படுத்தினால் 10, 100, 9 என்று வரும். இன்ட் ஆக மாற்றியபின் அடுக்க வேண்டும். சின்ன விஷயம்தான், நேர நெருக்கடியில் பாதிப் பேர் மறக்கிறார்கள்.

ஜேசானில் திரும்பி வராதவை என்று ஒரு பட்டியல் மனதில் இருக்கட்டும். டிக்ஷனரியின் கீ 1 என்ற எண்ணாக இருந்தால் திரும்பும்போது "1" என்ற ஸ்ட்ரிங். டியூப்பிள் லிஸ்ட்டாகிவிடும். செட், டேட்டைம், டெசிமல் மூன்றும் டைப்எரர் கொடுக்கும். தேதிக்கு 2024-01-25 மாதிரி ஆண்டு, மாதம், நாள் என்ற ஐஎஸ்ஓ வடிவில் எழுதுங்கள்; ஸ்ட்ரிங்காகவே அடுக்கினாலும் காலவரிசை கெடாது. பிக்கிள் போட்டால் இவை எல்லாம் அப்படியே திரும்பும், உண்மைதான். ஆனால் வெளியாள் கொடுத்த பிக்கிள் ஃபைலைத் திறந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் புரோகிராம் கோடும் சேர்ந்து ஓடலாம். இன்டர்வியூவில் 'ஏன் பிக்கிள் போடவில்லை' என்றால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இனி தமிழ். இதை எந்த கோச்சிங் சென்டரிலும் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை. பைத்தானில் டம்ப்ஸ் கொடுத்தால் தஞ்சாவூர் என்ற பெயர் பேக்ஸ்லாஷ், யு, நான்கு இலக்கம் என்று நீளமாகக் கொட்டும். டேட்டா கெடவில்லை, லோட்ஸ் செய்தால் தமிழாகவே வரும். கண்ணால் படிக்க வேண்டுமென்றால் என்ஷ்யூர் ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்குங்கள், ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். சிஎஸ்வியை எக்செல்லில் திறக்கும்போது தமிழ் கொசகொசவென்று வந்தால் என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்து எழுதுங்கள். நீளத்தை எண்ணும் லென்னைத் தஞ்சாவூருக்குப் போட்டால் 5 வராது, 9 வரும். புள்ளியும் காலும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. பைட் கணக்கில் 27.

இதைவிடச் சிக்கலானது கொள்ளிடம் என்ற ஊர்ப்பெயர். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஊர்வாரியாகக் கூட்டினால் கொள்ளிடம் இரண்டு முறை வரும், இரண்டுக்கும் கூட்டுத்தொகை வேறு. யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று இருக்கிறது; என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்து ஊர்ப்பெயரை ஒருமுறை வடிகட்டிவிட்டுப் பிரியுங்கள். மாவட்டவாரியாகப் பிரித்தால் இன்னொன்று கவனிக்க வேண்டும்: மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல். அதற்கு முந்தைய ஃபைலில் கொள்ளிடம் நாகப்பட்டினத்தில் இருக்கும். இரண்டு ஃபைலை மெர்ஜ் செய்யச் சொல்லும் கேள்விக்குப் பழக இது அருமையான உதாரணம்.

வரிசையிலும் ஒரு வேடிக்கை. சார்ட்டட் போட்டால் மன்னார்குடி முன்னால், மயிலாடுதுறை பின்னால் வரும். யூனிகோட் அட்டவணையில் ன, ய-வுக்கு முன்னால் இருக்கிறது. நம் அகராதி வரிசையில் ன கடைசி எழுத்து, மயிலாடுதுறைதான் முதலில் வர வேண்டும். டெஸ்ட்டில் இதைக் கேட்க மாட்டார்கள். ஆனால் நேர்முகத்தில் நான் இதைச் சொன்னபோது, அதுவரை லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எப்படிச் சரி பண்ணுவீங்க?" என்றார். எழுத்து வரிசையை ஒரு டிக்ஷனரியில் வைத்து, சார்ட்டட்டின் கீ ஃபங்ஷனாகக் கொடுப்பேன் என்றேன். அடுத்த கால் மணி நேரம் அதிலேயே ஓடியது.

அவரே கேட்ட இன்னொரு கேள்வி: "டேட்டா பாதி இல்லாம வந்தா?" ஈரப்பதம் ஒரு வரியில் நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி), ஒரு வரியில் அந்தக் கீயே இல்லை, ஒரு வரியில் 0. 'இஃப் நாட்' என்று எழுதினால் 0-வும் சேர்ந்து அடிபடும். டிக்ஷனரியின் கெட் போட்டால் நல் எது, இல்லாதது எது என்று தெரியாது. மூன்றையும் தனித்தனியாகச் சோதித்து, ஒதுக்கிய வரிகளை வேறு ஃபைலில் எழுதிவைப்பேன் என்று சொன்னால் போதும். சத்தமில்லாமல் தூக்கிப் போடாதீர்கள்.

பிரித்துக் கூட்டுவதற்கு பைத்தானின் இட்டர்டூல்ஸ் மாட்யூலில் உள்ள groupby வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்தடுத்து இருப்பதைத்தான் அது சேர்க்கும், முன்னால் வரிசைப்படுத்த மறந்தால் ஒரே ஊர் நாலு இடத்தில் நிற்கும். இல்லாத கீக்குத் தானே ஆரம்ப மதிப்பு வைக்கும் டிஃபால்ட்டிக்ட் (defaultdict) பாதுகாப்பு. பாண்டாஸ் (அட்டவணை டேட்டாவுக்கான பைத்தான் லைப்ரரி) எல்லா டெஸ்ட் தளத்திலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், வெறும் பைத்தானில் கை ஓட வேண்டும். பாண்டாஸ் இருந்தால் கணக்கு எண்ணுக்கும் சர்வே எண்ணுக்கும் பத்தியின் வகையைச் சொல்லும் டிடைப்பில் ஸ்ட்ரிங் என்று முதலிலேயே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு எண்ணின் முன் பூஜ்ஜியம் இங்கேயும் விழும்.

வீட்டிலிருந்து எழுதும் டெஸ்ட் ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் நம் பக்கம் கரண்ட்டை நம்ப முடியாது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இன்வெர்ட்டர் இருக்கிற உறவுக்காரர் வீடு இருந்தால் முதல் நாள் சாயங்காலமே பஸ் ஏறிவிடுங்கள்.